வேதம் தமிழில் வந்த வரலாறும் நம் இல்லங்களின் நன்றிக்கடனும்

செய்ந்நன்றி மறவாமை நம் முன்னோர் போற்றிய அறங்களுள் தலையாயது. மயிலையிற் பிறந்தவரென வழிவழியாகச் சொல்லப்படும் வள்ளுவனார் இவ்வறத்தின் பெருமை நோக்கியே இதற்கென ஓர் அதிகாரம் வகுத்தனர். பசித்தபோது அன்னமிட்டாரையும், நோயுற்றபோது மருந்தளித்தாரையும், எழுத்தறிவித்த ஆசிரியரையும் நாம் நினைக்கின்றோம். ஆயின், நாடோறும் கையிலெடுத்து, கண்ணில் ஒற்றி, வாசித்து, மூடி வைக்கும் ஒரு நூல் நம் தாய்மொழியில் எவ்வாறு வந்தது, அதன்பொருட்டு உழைத்தவர் யாவர் என்று நினைப்பவர் நம்மிற் சிலரே. நம் சங்கத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் மயிலை, சாந்தோம், தியாகராயநகர், அடையாறு முதலிய இடங்களிற் பல உள. அவ்வில்லங்களில் வேதபுத்தகம் இல்லாத வீடு இல்லை. ஆதலின் அந்நூலின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கியுரைப்பது பயனுடைத்தென்று கருதுகின்றோம். நம் சங்கத்துச் சைவ வைணவ அன்பர்களும் இதனை அயலார் கதையென்று தள்ளவேண்டுவதில்லை. இவ்வரலாற்றில் அவர்கள் முன்னோர்க்கும் பங்குண்டென்பது மேலே விளங்கும்.

முதற்கண் ஓர் உண்மையைக் கருதுக. மயிலைக்கும் கிறிஸ்து மதத்திற்கும் உள்ள தொடர்பு மிகப் பழைமையானது. தோமையார் என்னும் அப்போஸ்தலர் இங்கு வந்து போதித்து, கி.பி. 72-ஆம் ஆண்டளவில் உயிர் துறந்தனர் என்பது கர்ணபரம்பரை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோபோலோ என்னும் யாத்திரிகர் இத்தலத்தைப் பற்றி எழுதியுள்ளார். லஸ் என வழங்கும் பிரகாசமாதா ஆலயத்தின் கல்வெட்டு 1516 என்னும் ஆண்டைக் காட்டுகின்றது. ஆலயங்கள் எழுந்தன, மணிகள் ஒலித்தன, மக்கள் கூடினர். எனினும், அக்காலத்து மயிலைத் தமிழர் ஒருவர் வேதத்தைத் தம் மொழியில் வாசிக்க விரும்பியிருப்பாராயின் அவர்க்கு அச்சிட்ட ஏடு ஒன்றேனும் கிடைத்திராது. குருமார் வாசிக்கக் கேட்டு, அவர் கூறும் பொருளை நெஞ்சிற் கொண்டு செல்வதே அவர்க்கு வாய்த்த வழி. கோயில் முன்னே வந்தது. நூல் பின்னே வந்தது. இரண்டிற்கும் இடையே சென்ற காலம் இருநூறு ஆண்டிற்கு அணித்தாகும்.

தமிழ் எழுத்துக்களை அச்சிலேற்றும் முயற்சி பதினாறாம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. அண்டிரிக் அடிகளார் என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. அது பதினாறே பக்கமுடைய சிறு நூல். செபங்களும் ஞானோபதேசமும் அடங்கியது. வேதம் முழுமையையும் மொழிபெயர்க்கும் பெருஞ்செயல் அதற்குப் பின் நூற்றுமுப்பது ஆண்டுகட்கு மேற்பட்டே கைகூடிற்று.

1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள், ஜெர்மனி தேசத்துச் சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் தரங்கம்பாடிக் கரையில் வந்திறங்கினர். சீகன்பால்கு ஐயருக்கு அப்போது வயது ஏறக்குறைய இருபத்து நான்கு. அவருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. அவர் கற்ற முறையை நம்மைப்போல் பள்ளியில் உழைப்போர் சிறப்பாக நோக்கத் தகும். வயது முதிர்ந்த திண்ணைப்பள்ளி உபாத்தியாயர் ஒருவரை மாணாக்கருடன் தம் இருப்பிடத்திற்கே வரச்செய்து, அச்சிறுவரோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் முதலிய எழுத்துக்களை எழுதிப் பயின்றார். அழகப்பன் என்பவர் அவருக்குத் துபாஷியாக உதவினர். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பலமுறை ஓதினார். இங்ஙனம் இரண்டு ஆண்டு முயன்று, 1708-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே தரங்கம்பாடிக் கோட்டையின் டேனிஷ் அதிபதியோடு ஏற்பட்ட மாறுபாட்டால் நான்கு மாதம் சிறையிருந்தார். வெளிவந்தபின் விட்ட பணியைத் தொடர்ந்து 1711-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முடித்தார்.

எழுதி முடித்தல் ஒன்று, அச்சிடுதல் மற்றொன்று. இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறியைச் சுமந்து வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியிற் கைப்பற்றினர். அது மீண்டு வரும் வழியில், அச்சுத்தொழில் தெரிந்து உடன்வந்தவர் இறந்தார். ஆயினும் பொறி 1712-இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்தன. அவ்வெழுத்துக்களோ மிகப் பெரியன. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் இருந்த காகிதம் போதாது. எனவே பொறையாற்றில் சிறிய எழுத்துக்களை வார்த்தனர். அதற்கு வேண்டிய ஈயத்திற்குச் சீமையிலிருந்து பாற்கட்டி வந்த பெட்டிகளின் தகட்டையும் உருக்கினர் என்பர். காகிதத் தட்டுப்பாடு நீங்கப் பொறையாற்றிலேயே காகிதம் செய்யும் ஆலையும் தொடங்கினர். சுவிசேஷங்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும் ‘அஞ்சு வேத பொஸ்தகம்’ என்னும் பெயரோடு முதலில் அச்சாயின. 1715-இல் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சில் வந்த புதிய ஏற்பாடு தமிழிலேயே வந்ததென்பது நம் மொழிக்கு வாய்த்ததொரு சிறப்பு.

சீகன்பால்கு ஐயர் பழைய ஏற்பாட்டையும் தொடங்கி ரூத் என்னும் ஆகமம் வரையில் மொழிபெயர்த்தனர். 1719-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 23-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில், தரங்கம்பாடியில் காலமாயினர். எஞ்சியதைச் சூல்ச் ஐயர் முடித்தனர். பழைய ஏற்பாடு 1728-இல் அச்சேறி நிறைவெய்தியது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்ந்தமையால் நமக்கு இந்நூல் முழுமையாகக் கிடைத்தது.

இனிச் சென்னையின் பங்கைக் கூறுவாம். பப்ரிசியஸ் ஐயர் 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-இல் சென்னை சேர்ந்து, 1791-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய ஐம்பதாண்டு, இந்நகரத்தையே தம் ஊராகக் கொண்டவர். அவர் காலம் அமைதிக்காலம் அன்று. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1758-இல் லாலி என்னும் சேனாபதி நகரை முற்றுகையிட்டபோது வேப்பேரி கொள்ளையிடப்பட்டது. ஐயர் பழவேற்காட்டிற்கு அகன்றார். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைக்கொண்டபோது அங்கிருந்த அச்சுப்பொறி சென்னைக்குக் கொணரப்பட்டது. கம்பெனியாரின் வேலை வருங்கால் அதனை முன்னர் முடித்துத் தரவேண்டும் என்னும் நிபந்தனையோடு அது பப்ரிசியஸ் ஐயரிடம் ஒப்புவிக்கப்பட்டது. போரிற் கைப்பற்றிய பொறியிலிருந்து சமாதானச் செய்தி அச்சாகி வெளிவந்ததை வியவாதிருத்தல் எங்ஙனம்? 1772-இல் அவர் திருத்திய புதிய ஏற்பாடு வேப்பேரியில் அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டையும் அவர் புதிதாக மொழிபெயர்த்தனர். ஞானப்பாட்டுக்கள் பலவற்றைத் தமிழாக்கினர். தமிழ் ஆங்கில அகராதி ஒன்றும் 1779-இல் வெளியிட்டனர். முதுமையிற் கடன்பட்டுச் சிறையிருந்த துன்பமும் அவருக்குண்டு. ஆயினும் அவர் சொற்கள் மக்கள் நாவிற் பதிந்துவிட்டன.

அவை எத்துணை ஆழப் பதிந்தன என்பதைப் பின் நிகழ்ந்த ஒரு வழக்குக் காட்டும். 1814-இல் சென்னைக்கு வந்து, 1820-இல் பாளையங்கோட்டைக்குச் சென்ற இரேனியுஸ் ஐயர், பழைய மொழிபெயர்ப்பு கடினமாக உள்ளதென்று கருதி எளிய நடையில் புதிதாக மொழிபெயர்க்கலாயினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதனை வன்மையாக எதிர்த்தெழுதினர். அவர் 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்த பெரும்புலவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். மனப்பாடமாய் நிற்கும் சொற்களை மாற்றினால் எளியவரின் நம்பிக்கை தளரும் என்பது அவர் கருத்து. ஒரு பக்கம் எளிமை; மறு பக்கம் பழகிய சொல்லின் இனிமை. இரண்டும் வேதத்தின்மேல் உள்ள அன்பினின்றே பிறந்தவை.

அவ்வழக்கின் மற்றொரு பகுதியையும் நாம் மறைத்தல் ஆகாது. சாஸ்திரியார் சொல்மாற்றத்தை மட்டும் எதிர்த்தாரல்லர். ஆலயத்தினுள் சாதிவேற்றுமை பாராட்டும் வழக்கத்தை நீக்க வந்த திருத்தத்தையும் எதிர்த்தெழுதினர். ஒரே வேதத்தை ஒரே மொழியிற் கேட்டோர், தனித்தனி வரிசையில் அமர்ந்து கேட்டனர். அந்நூலோ அனைவரும் ஒரு தந்தையின் மக்கள் என்று கூறுவது. ஒரு குலத்தார் கூடி நடத்தும் சங்கத்தின் பத்திரிகையில் இதனை எழுதுதல் தகுமோ என்று சிலர் வினவலாம். தகும் என்பதே நம் துணிபு. நம் குடும்பங்களின் கல்விக்கும் கைம்பெண்களின் உதவிக்கும் ஒன்றுகூடுவது வேறு. பிறரை ஒதுக்குவதற்கு ஒன்றுகூடுவது வேறு. முன்னையதை வேதம் தடுப்பதில்லை. பின்னையது நம்மிடம் எஞ்சியிருக்குமாயின், வேதத்திற்கு நாம் கூறும் நன்றி உதட்டளவினதே ஆகும்.

இனிச் சைவ வைணவ அன்பர்கள் சிறப்பாகக் கேட்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய பாடசாலையில் ஆசிரியராக இருந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். சைவத்தின் காவலராகப் பின்னர்ப் புகழ்பெற்ற அப்பெரியாரே பெர்சிவலின் வேத மொழிபெயர்ப்பிற்குத் துணை நின்றனர். 1848-ஆம் ஆண்டளவில் இருவரும் அம்மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொணர்ந்து, மகாவித்துவான் மழவை மகாலிங்கையரிடம் காட்டினர். மகாலிங்கையர் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு முதன்முதல் பதிப்பித்தவர். அவர் அதனை ஆராய்ந்து, தமிழ்நடை நன்றென்று பாராட்டினர். 1850-இல் அது வெளிவந்தது. சைவர் ஒருவர் துணைசெய்ய, தமிழ்ப் புலவர் ஒருவர் சீர்தூக்க, கிறிஸ்தவ வேதம் தமிழுருப் பெற்றது! தத்தம் சமயத்தில் அசையாது நின்றும், பிறர் மறைநூல் பிழையற்ற தமிழில் வரவேண்டும் என்று உழைத்த அப்பெருந்தகையோர்க்கு நம் கிறிஸ்தவ இல்லங்கள் கடமைப்பட்டிருக்கின்றன. அப்பதிப்புச் சபைகளில் நிலைபெறவில்லை. பப்ரிசியஸ் ஐயரின் சொற்களை மக்கள் விட்டிலர். எனினும் அதன் நற்றமிழ் பின்வந்தோர்க்குப் பயன்பட்டது.

பெர்சிவல் பின்னர்ச் சென்னை இராசதானிக் கல்லூரியில் ஆசிரியராகி, ‘தினவர்த்தமானி’ என்னும் பத்திரிகையையும் 1855 முதல் நடத்தினர். அப்பத்திரிகையில் அவருக்குத் துணையாய் அமர்ந்தவர் திருநெல்வேலிச் சீமைக் கரையிருப்பில் 1827-இல் பிறந்த கிருஷ்ணபிள்ளை. வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்த அப்புலவர், சாயர்புரத்துப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கும்போது வேதத்தையும் கிறிஸ்தவ நூல்களையும் கற்றனர். 1858-ஆம் ஆண்டு நம் மயிலாப்பூரில், தூய தோமா ஆலயத்தில், ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஆயினர். 1894-இல் அவர் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ தமிழ்க் காப்பியங்களுள் ஒன்றாய் வைத்தெண்ணப்படுகின்றது. கம்பனிடம் பெற்ற தமிழைக் கொண்டு தாம் கண்ட இரட்சகருக்கு நன்றி செலுத்தினர் அவர். நன்றி என்பது பழையதை உதறுதலன்று. பெற்றதனைத்தையும் கொண்டுவந்து படைத்தல் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1820-இல் சென்னையில் வேதாகமச் சங்கம் தோன்றியிருந்தது. பல மிஷன்களும் ஒப்புக்கொள்ளத்தக்க ஒரே மொழிபெயர்ப்பு வேண்டுமென்று கருதி, ஒரு குழுவை அமைத்தனர். அதன் தலைமைப் பணியைப் பவர் ஐயர் ஏற்றனர். அவருக்குத் தமிழ்ப் புலவராய் உதவியவர் முத்தையா பிள்ளை. இவ்விருவருமே 1868-இல் சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை அச்சிட்டவர்கள் என்பதைத் தமிழன்பர் மறக்கலாகாது. சிந்தாமணியை ஆராய்ந்த கண்களே வேதத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்தன. பப்ரிசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு எழுந்த அவ்வைக்கிய மொழிபெயர்ப்பு 1871-இல் முழுமை பெற்றது. இன்றும் நம் ஆலயங்களிற் பெரும்பாலும் வாசிக்கப்படுவது அதுவே. பின்னர் லார்சன் ஐயர் முதலியோரின் திருத்தம் 1936-இல் வந்தது. கத்தோலிக்கரும் மற்றைச் சபையாரும் கூடி ஆக்கிய பொது மொழிபெயர்ப்பு ‘திருவிவிலியம்’ என்னும் பெயரோடு 1995-இல் வெளிவந்தது. கத்தோலிக்கர் நெடுங்காலம் சருவேசுரன் என்றனர்; பப்ரிசியஸ் ஐயர் பராபரன் என்றனர்; ஐக்கிய மொழிபெயர்ப்புத் தேவன் என்றது; திருவிவிலியம் கடவுள் என்கின்றது. நாமங்கள் மாறின, வணங்கப்படுவோன் மாறிலன்.

இத்துணைப் பேருழைப்பினால் வந்த நூல் நம் அன்றாட வாழ்விற் கலந்துள்ளவாற்றைச் சிறிது காண்போம். கிறிஸ்தவர்க்கு நாட்டுப்புறத்தில் ‘வேதக்காரர்’ என்றே பெயர். நூலே அவர்க்கு அடையாளமாயிற்று. ஒருவரையொருவர் காணுமிடத்து ‘ஸ்தோத்திரம்’ என்கின்றனர். நன்றியே வாழ்த்துரை ஆயிற்று. விளக்கேற்றும் வேளையில் குடும்ப ஜெபம். அதில் மூத்தோர் வாசிக்க இளையோர் கேட்பர். சில இல்லங்களில் இளையோர் வாசிக்க, கண்மங்கிய பாட்டியார் மனப்பாடமாய் உடன் சொல்வர். பிள்ளைக்குப் பெயரிடும்போதும், மணமக்களை வாழ்த்தும்போதும், புதுமனை புகும்போதும், வேதத்தில் ஒரு பகுதி வாசியாமல் நற்செயல் தொடங்குவதில்லை. டிசம்பர் 31-ஆம் நாள் நள்ளிரவு ஆராதனையில் வரும் ஆண்டிற்குரிய வாக்குத்தத்த வசனத்தைப் பெற்றுச் சுவரில் தொங்கவிடுகின்றனர். நோய் நீங்கினும், பரீட்சையில் தேறினும், உத்தியோகம் கிடைப்பினும் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கின்றனர். அறுப்பின் பண்டிகையில் விளைபொருளின் முதற்பலன் பீடத்தின் முன் வைக்கப்படுகின்றது. வயலில்லாத சென்னைவாசிகளும் கடையிற் காயும் கனியும் வாங்கிக் கொணர்ந்து வைக்கின்றனர். இறுதியில் அடையாற்றங்கரைக்கு அணித்தாயுள்ள குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் உறங்குவோரின் தலைமாட்டுக் கல்லிலும் ஒரு வசனமே பொறிக்கப்பட்டுள்ளது. தொட்டில் முதல் கல்லறை வரையில் உடன்வரும் உறவு இது.

இன்னும் ஒன்று உளது. பழைய குடும்பங்களில் வேதபுத்தகத்தின் முதல் ஏட்டைத் திறந்து பாருங்கள். அங்கே பிறந்த நாள், ஞானஸ்நான நாள், விவாக நாள், மரித்த நாள் ஆகியவை பல கையெழுத்துக்களில் எழுதப்பட்டிருக்கும். பாட்டனாரின் கூட்டெழுத்து மேலே. தந்தையாரின் எழுத்து அதன்கீழ். தாயாரின் எழுத்து ஓரத்தில். அரசாங்கப் பதிவில் இல்லாத பெயர்கள், பிறந்து சின்னாளில் இறந்த குழந்தைகளின் பெயர்கள், அங்கேயே இருக்கும். நம் குடும்பங்கட்கு அதனினும் மெய்யான சரித்திரம் வேறில்லை.

இவ்வளவும் இருக்க, நம் மனத்தை வருத்துவது ஒன்றுண்டு. நம் இளைஞரிற் பலர் தமிழெழுத்தைக் கூட்டி வாசிக்க இயலாதிருக்கின்றனர். தியாகராயநகரிலும் அடையாற்றிலும் உள்ள நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே கற்கின்றனர். வேதத்தையும் ஆங்கிலத்திலேயே, கைப்பேசியிலேயே வாசிக்கின்றனர். எம்மொழியில் வாசிப்பினும் வேதம் வேதமே; கைப்பேசியும் குற்றமுடையதன்று. ஆனால் பாட்டியார் சொல்லும் வசனம் பேரனுக்கு விளங்காத வீட்டில் குடும்ப ஜெபம் எவ்வாறு நிலைக்கும்? அயல்நாட்டார் ஒருவர் மணலில் எழுதிக் கற்ற எழுத்தை இந்நாட்டுப் பிள்ளை கல்லாதிருத்தல் தகுமோ? காகிதமின்றி, எழுத்தின்றி, சிறையிலும் போரிலும் கடனிலும் உழன்று நமக்கு ஈந்ததை நாம் திறவாது வைத்தல் நன்றிகோறலன்றோ?

ஆகவே நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். முதலாவது, ஒவ்வொரு கிறிஸ்தவ இல்லத்திலும் நாடோறும் ஒரு பகுதியேனும் தமிழில், வாய்விட்டு, பிள்ளைகளைக்கொண்டே வாசிப்பியுங்கள். பத்து வசனம் போதும். ஓராண்டில் எழுத்தும் வரும், பொருளும் வரும். இரண்டாவது, பழைய வேதபுத்தகங்களைப் பழம்புத்தகக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். முதல் ஏட்டின் குறிப்புக்களைப் பிரதிசெய்து சங்கத்திற்கு அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து வைத்தால் நம் குடும்பங்களின் வரலாறு எழுதப் பெருந்துணையாகும். மூன்றாவது, சைவ வைணவ அன்பர்கள் தேவாரத்தையும் திவ்வியப்பிரபந்தத்தையும் அவ்வாறே தம் பிள்ளைகட்கு ஓதுவியுங்கள். நாவலரும் மகாலிங்கையரும் பெர்சிவலோடு அமர்ந்தவாறு, நம் பிள்ளைகளும் ஒரு பலகையில் அமர்ந்து தமிழ் கற்பாராக.

நன்றி என்பது ஆண்டிற்கொருநாள் கூறும் உரையன்று. நாடோறும் செய்யும் செயல். வேதத்திற்கு நன்றி கூறுவோர் அதனை வாசிக்கின்றனர்; வாசித்ததன்படி அயலானை நேசிக்கின்றனர்; நேசித்ததைப் பிள்ளைகட்கு விட்டுச் செல்கின்றனர். பெயர் தெரிந்த பெரியோர்க்கும், மணலில் எழுத்தறிவித்த பெயர் தெரியாத அவ்வுபாத்தியாயர்க்கும் நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு இதுவே. எல்லாம் வல்ல இறைவன் இதற்கு நம்மைத் தகுதியுடையோராக்குவாராக.